மிச்ச மை

அச்சகத்தில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து முதலாளி திருநீற்றுத் தட்டை நீட்டினால் மிஷின்கார அண்ணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நெற்றியை மட்டும் முன்னால் கொண்டுவந்து காட்டுவார். யாராவது பூசிவிட வேண்டும். "கையெல்லாம் மைங்க" என்பார். மத்தியானம் தயிர்சாதத்தையும் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். அந்த ஸ்பூன் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, துணி சோப்புப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் உரசினாலும் விரல் இடுக்கில் வாடை போகாது என்பது அவர் கட்சி. அங்கே வேலை பார்த்த மூன்று வருஷத்தில் அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அச்சகம் அது. நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அவர் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் ஒரு தாளில் அச்சாகியிருக்கிறது, அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் பிழைப்புக்குச் சேலம் பக்கத்து இளம்பிள்ளைத் தறிகளுக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். மிஞ்சும் நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் அரூப ஓவியம் வரைகிறேன். உருவம் எதுவும் இல்லாத வெறும் நிறப் படங்கள். "இது என்ன, மை கொட்டுன மாதிரி" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை, எல்லாம் மையிலிருந்து வந்ததுதான். போன வருஷம் சேலத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தோம். அதற்காக நான் வரைந்திருந்த பெரிய படத்தை அவரிடம் கேட்காமல் சுவரில் மாட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. மாட்டுவதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முதலில் அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலையில் கண்ணை மூடினால் மத்தியானத்துக்குள் சுவரில் சிரித்துக்கொண்டிருப்பார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது. கல்யாணத்துக்கு மாதம் பார்க்க வேண்டும், சாவுக்கு அது கிடையாது. மிஷினில் தாள் போட்டதும் முதல் தாளே சரியாக வந்துவிடாது. மை ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். அது சமப்படுவதற்குள் இருபது முப்பது தாள் வீணாகிவிடும். மற்ற அச்சகங்களில் அந்த வீண் தாள் பழைய பேப்பர்காரரிடம் போகும், அங்கிருந்து டீக்கடைக்குப் போகும். எங்கள் அச்சகத்தில் மட்டும் போகாது. முகம் உள்ள ஒரு வீண் தாளைக்கூட அவர் வெளியே விடமாட்டார்.

சாயங்காலம் மிஷினைக் கழுவுவதற்கு முன் ரோலரில் மிஞ்சியிருக்கும் மையை அவர் வழித்தெடுப்பார். அன்றைக்குக் கோயில் நோட்டீஸ் ஓடியிருந்தால் சிவப்பு, கோழித்தீவன லேபிள் ஓடியிருந்தால் பச்சை. அந்த மிச்ச மையைக் கை ரோலரில் எடுத்து, வீண் தாள்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, அந்த முகங்களின்மேல் உருட்டுவார். அவசரமே படமாட்டார். நெற்றியில் ஆரம்பித்துத் தாடை வரை, பிறகு குறுக்கே. முகம் போனதும் கொடியில் தொங்கவிடுவார். மறுநாள் வேறு நிறம் மிஞ்சினால் அதன்மேல் அதுவும் ஏறும். ஆஃப்செட் மை சீக்கிரம் காயாது. மூன்று நாள் நான்கு நாள் அந்தத் தாள்கள் மிஷின் பின்னால் ஈரமாகத் தொங்கும். எனக்கு முதல் வாரமே கண் அங்கேதான் போனது. சிவப்புக்குள் பச்சை புகுந்து, ஓரத்தில் கறுப்பு கசிந்து, நான் மானிட்டரில் எவ்வளவு முயன்றாலும் வராத ஆழம் அதில் இருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார் என்று முதலாளியிடம் கேட்டேன். ஒரு பெண் டீக்கடையில் போண்டா வாங்கிப் பிரித்தாளாம், எண்ணெய்க்கறைக்குள் செத்துப்போன அவள் புருஷன் முகம் இருந்ததாம். இவர் பக்கத்தில் நின்று பார்த்தாராம். அன்றிலிருந்து இந்தப் பழக்கமாம். நான் நம்பினேன். நம்பும்படியான கதைதான். அவரிடமே ஒருதரம் கேட்டபோது, "காயட்டுங்க" என்றார். பிடிக்காத கேள்வி எதற்கும் அவருடைய பதில் அதுதான். முதலாளி திட்டினாலும் காயட்டுங்க, மின்சாரம் போனாலும் காயட்டுங்க.

உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஒரு புள்ளைங்க" என்றார். எந்த ஸ்கூல் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான் கேட்கவில்லை, அதற்குள் யாரோ விசிட்டிங் கார்டு கேட்டு வந்துவிட்டார்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒருவர் வந்தார். தம்பி இறந்துவிட்டார். கையில் ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. "ரெண்டாவது வரிசையில நிக்கறானுங்க" என்று சொல்லிவிட்டு, பெயர், தேதி, துக்கத்தில் வாடும் குடும்பத்தார் எல்லாம் எழுதிக்கொடுத்து, அரைமணி நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காரியங்களைப் பார்க்கக் கிளம்பிப்போனார். நான் இரண்டாவது வரிசையைப் பெரிதாக்கினேன். தெரிந்த முகம் ஒன்று இருந்தது. வெட்டி எடுத்தேன், கட்டம் போட்டேன், பிளேட்டுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் எதிரில் பார்த்த முகம் என்பதால்தான் அது தெரிந்த முகம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் அதே வரிசையில் அடுத்தடுத்து நின்றிருக்கிறார்கள்.

மிஷின்கார அண்ணன் கடைக்கு முன்பக்கம் வருகிறவரே இல்லை. வந்தவரை அவர் பார்க்கவில்லை. வழக்கம்போல முதல் நல்ல தாளைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார். எந்தச் சாவுக்கும் அப்படிப் பார்ப்பார். "யாருங்க இவுரு?" என்று கேட்டார். "தம்பிக்காரருங்ண்ணா" என்றேன். ஒரு டிரைவர் வந்து போஸ்டர் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. உயிரோடு இருப்பவர் படம் அவர் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் மிஷினை நிறுத்தி, சரியான முகத்தை வெட்டித் தரச் சொல்லி, பிளேட் மாற்றி, புதுப் போஸ்டர் அடித்துக் கட்டி வைத்துவிட்டு, கறுப்பு மை டப்பாவையும் கை ரோலரையும் எடுத்துக்கொண்டு, "வாங்க அம்மணி, போயிட்டு வந்தர்லாம்" என்றார். அவருடைய மொபெட்டில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். கிழிச்சுட்டா போதாதா என்று வழியில் கேட்டேன். "மைதா பசைங்க. கிழிச்சா பாதி மூஞ்சி நிக்கும்" என்றார்.

பால் சொசைட்டிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றாக உருட்டினார். அவர் மூடிய முகத்துக்குப் பக்கத்தில் நான் சரியான போஸ்டரை ஒட்டிக்கொண்டே வந்தேன். நல்ல வெயில். சாவு வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சுவர்முன் நிற்கும்போது ஒரு அம்மா வெளியே வந்தார். அந்த அண்ணன்காரரின் மனைவி. சுவரில் தன் புருஷன் முகத்தையும் எங்கள் கையில் ரோலரையும் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

மிஷின்கார அண்ணன் கைகளைப் பின்னால் கொண்டுபோனார், ரோலரோடு. "தப்பு எங்களுதுங்க. மூடிட்டுப் போயர்றமுங்க."

அந்த அம்மா கிட்டே வந்தார். அடி விழப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். "அத இங்க குடுங்க" என்று கையை நீட்டினார். ரோலரை வாங்கி, சொந்தப் புருஷன் முகத்தின்மேல் அவரே உருட்டினார். முடி தெரிகிறது என்று இன்னொரு தரம் உருட்டினார். முழங்கை வரை மை அப்பிக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னும் எத்தன இருக்குது?" என்று கேட்டார்.

"ஏழுங்க."

"ஒண்ணும் உடாம மூடிருங்க. எங்க மாமியா ஒருத்தனக் குடுத்துட்டு உள்ள கெடக்குறாங்க. வெளிய வந்து இன்னொருத்தன சொவுத்துல பாக்கக்கூடாது."

ஏழையும் மூடினோம். திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். முதலாளியிடம் என்ன சொல்வது என்றேன். "பாத்துட்டுத்தான அடிச்சேன், எனக்கும் பங்கு உண்டுங்க" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் அல்லவா, இனி பயமில்லை அல்லவா என்று மறுபடியும் கேட்டேன். அவர் மொபெட்டை ஓட்டிக்கொண்டே, "அழிக்கலீங்க அம்மணி. மூடியிருக்கறோம். அடிச்ச மைய அழிக்க முடியாது" என்றார். நான் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் எந்தத் தப்பையும் இரண்டு விரலில் இல்லாமல் ஆக்கிவிடலாம். அன்றைக்குத்தான் அது எனக்குக் கொஞ்சம் மட்டமாகத் தெரிந்தது. பிற்பாடு நான் வரைந்த படங்களில் ஒரு கோட்டைக்கூட அழித்ததில்லை. பிடிக்காததன்மேல் இன்னொரு நிறத்தை ஏற்றுவேன். அந்தக் குணம் அவரிடமிருந்து வந்தது. அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நான் வேலையை விட்டுப் போகும் நாளில், கொடியில் தொங்கும் தாளில் ஒன்று தருவீர்களா என்று கேட்டேன். அவர் கொடியைப் பார்த்தார். அங்கே பத்துப் பன்னிரண்டு தாள் தொங்கியது. அதிலிருந்து எடுக்கவில்லை. பழைய பிளேட் அடுக்கும் பீரோவுக்கு அடியில் குனிந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். தேர்த் திருவிழா நோட்டீஸுக்குப் போடும் அந்தக் கனமான சிவப்பு, தாள் முழுக்கப் பல தரம் ஏற்றியது. "இது நல்லாக் காஞ்சது. வெயில்ல மட்டும் வெக்காதீங்க" என்றார்.

பல வருஷம் அது என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. கண்காட்சிக்குப் பெரிதாக ஒன்று வரையவேண்டும் என்றபோது அதை எடுத்து ஸ்கேன் செய்து அடித்தளமாக வைத்துக்கொண்டேன். அதன்மேல் நாற்பது அடுக்கு நிறம் ஏற்றினேன். ஆறடி அகலப் படம். நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்குத் தெரியும். அச்சுக்குக் கொடுக்கும் முன், சிவப்பு எங்கே அதிகம் என்று பார்ப்பதற்காக ஸ்கேனில் சிவப்பை மட்டும் தனியாகப் பிரித்தேன். அப்படிப் பிரித்தால் சிவப்பு மை வெள்ளைத் தாளைப்போல வெளுத்துவிடும், அதற்கு அடியில் இருக்கும் கறுப்பு மட்டும் நிற்கும். மூன்று வருஷம் பிரிண்டிங்கில் இருந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். நினைக்கவில்லை.

பத்துப் பதினோரு வயதுப் பெண் குழந்தை. மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, பள்ளிக்கூடச் சட்டை. மேல் பல் இரண்டும் கொஞ்சம் பெரிசு. வலது கன்னத்தில் மை சரியாக ஏறாமல் மங்கலாக இருந்தது. கீழே கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது. துக்கத்தில் வாடும் தந்தை என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன். "நீ வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி சாமி. நாலு நாள் காய்ச்சல்தான். நான் வேற மிசின்ல அடிச்சுக்கலாம்னு சொன்னேன். எம்புள்ள மூஞ்சி மங்கலா வந்தரக் கூடாதுன்னு அவனேதான் நின்னு அடிச்சான். அதுக்கப்புறந்தான் இந்த மை பூசுற பழக்கம். போண்டாக் கதை நான் கட்டுனது. கேக்கறவங்களுக்கு ஏதாவது சொல்லோணுமில்ல?"

பத்தடி தூரத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் பிள்ளையின் சாவின்மேல் நாற்பது நிறத்தை ஏற்றி, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. படத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். யாருக்குத் தெரியப்போகிறது, மாட்டிவிடலாம் என்று மறுநாள் தோன்றும். இரண்டும் அவரிடம் சொல்லாமல் செய்கிற காரியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்மம்பட்டி பஸ் ஏறினேன். அவர் மனைவியின் ஊர் அது. அங்கே ஒரு சின்ன அச்சகத்தில் பாதி நாள் வேலை பார்ப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அவர் வீட்டில்தான் இருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. சட்டைப் பையில் ஸ்பூன் இருந்தது. அவர் மனைவியான அக்கா டீ வைக்க உள்ளே போனதும் நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்கேன், படம், பிரித்தது, பார்த்தது எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"தெரிஞ்சுதானுங்க குடுத்தேன்" என்றார். "ஊட்டுக்குக் கொண்டாந்தா அவங்கம்மா கண்ணுல படும். எரிக்கறதுக்கு மனசு வர்ல. நீங்க பத்தரமா வெப்பீங்கன்னு தோணுச்சு."

"மன்னிச்சுக்கங்ண்ணா. நான் பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாது."

"இப்ப அதுல இருக்குதுங்களா?" என்று என் மடியில் இருந்த டேப்லெட்டைக் காட்டினார்.

இருக்கிறது என்றேன். திரையின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதை மேலே தள்ளினால் சிவப்பு விலகும், கீழே இழுத்தால் மூடிக்கொள்ளும் என்றேன். அவர் கையில் அன்று மை எதுவும் இல்லை. இருந்தும் ஆள்காட்டி விரலை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தள்ளினார். பாதி விலகியதும் நிறுத்திவிட்டார். முழுசாகத் தள்ளவில்லை.

"இந்தப் பக்கம் மை ஏறலீங்க, பாருங்க" என்றார், கன்னத்தைக் காட்டி. "அதான் இந்தத் தாள வீண்ல தள்ளுனேன்."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவர் விரலைக் கீழே இழுத்தார். அக்கா தட்டோடு வந்தபோது திரையில் வெறும் சிவப்புதான் இருந்தது.

"நீங்க வரஞ்சதுங்களா?" என்று குனிந்து பார்த்தார் அக்கா. ஆமாங்க்கா என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கண்ணாடியின்மேல் விரலை வைத்து, குறுக்கே ஒரு தரம் தடவினார். "தேர் நோட்டீசு செவப்பு மாதிரியே இருக்குது. நல்லாருக்குது சாமி" என்று சொல்லி, முறுக்கு எடுத்துவர உள்ளே போனார். அண்ணன் டீயை எடுக்கவில்லை. படத்தை மாட்டட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

படத்தை மாட்டினேன். அவர் மாட்டச் சொல்லிவிட்டார். நான்கு நாள் சுவரில் இருந்தது. நிறையப் பேர் அதன்முன் நின்றார்கள். ஒருவர் இது என்ன என்று கேட்டார், மை என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் என்னை ஏற்றிவிட வந்தார். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியே நின்றுகொண்டு, "மத்தவங்க யாராச்சும் அதப் பிரிச்சுப் பாக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். அச்சான படத்தில் முடியாது, என் கோப்பில் மட்டும் முடியும் என்றேன். எல்லா அடுக்கையும் ஒன்றாக ஒட்டிவிடலாம், ஒட்டிவிட்டால் அப்புறம் என்னாலும் எடுக்க முடியாது என்றேன்.

"ஒட்டிரட்டுங்களாண்ணா?"

அவர் யோசிக்கவே இல்லை. "வேண்டாஞ் சாமி. அடியில இருக்கட்டும்."

டேப்லெட்டை மடியில் வைத்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதன்மேல் வைத்தார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.